லலிதாம்பாள் ஆள் எடுக்கும் விதம்

லலிதாம்பாள் லேசில் யாரையும் நம்புகிறவர் அல்ல. பால்காரர் ஊற்றி முடித்ததும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வண்டியூரில் அவர் தம்பி ராமதாஸ் நடத்தும் நைட்டி கம்பெனியில் இருபது வருடமாக ஆள் எடுப்பது அவர் பொறுப்பு. தைப்பவரோ வெட்டுபவரோ, அவர் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

அந்தக் கண்ணில் ஒருவன் மண்ணைத் தூவிவிட்டுப் போனான். பெயர் அழகுபாண்டி. ஏழு வருடம் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவன், வாய் அதிர்ந்து பேசாதவன். போன வருடம் வேலையை விட்டுப் பரவையில் சொந்தமாக நைட்டி கம்பெனி போட்டான். போட்ட நான்கே மாதத்தில் இவர்களுடைய பழைய கடைக்காரர்களில் பாதிப் பேர் அவன் பக்கம் போய்விட்டார்கள். எந்தக் கடைக்கு எந்த விலை வரைக்கும் இறங்கலாம் என்பது அவனுக்கு அத்துபடியாக இருந்தது. அந்த விலை எந்த நோட்டிலும் இல்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். லலிதாம்பாள் பூட்டுகளை மாற்றினார், நான்கு கேமரா மாட்டினார், பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றினார். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. இன்னொரு அழகுபாண்டி உள்ளே வந்தால் கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான்.

அவன் இடத்துக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. ஒன்பது பேர் ஃபைலோடு வந்திருந்தார்கள். ஒன்பதில் எட்டு ரெஸ்யூமே ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் அடித்த மாதிரி இருந்தது. எட்டுப் பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. கடைசியாகப் படித்த புத்தகத்தைக் கேட்டால் எட்டுப் பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டபோது, "எடுத்த வேலையை முடிக்காமத் தூங்கமாட்டேன் மேடம்" என்று ஆறு பேர் சொன்னார்கள். கூட்டத்தில் தனியாகத் தெரிவது எப்படி என்று ஏதோ ஒரு வீடியோவில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே மாதிரித் தனியாகத் தெரிந்தார்கள்.

ஒவ்வொருவரையும் வைத்துக்கொண்டே அக்காளும் தம்பியும் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். இவன் செருப்பு இரவல், இவள் மூன்று மாதம் தாங்கமாட்டாள் என்று எதிரிலேயே சொல்லிக்கொள்வார்கள். அப்பா காலத்திலிருந்தே அதுதான் பழக்கம்.

ஏழாவதாக வந்தவள் தமிழ்வாணி. வயது இருபத்தாறு. அவள் ரெஸ்யூமே ஒரு பக்கம்தான். நடுவில் இரண்டு வருடத்துக்கு நேரே, "அப்பாவுக்கு டயாலிசிஸ், வீட்டில் இருந்தேன்" என்று இருந்தது. இரக்கம் சம்பாதிக்கப் பார்க்கிறாள் என்று லலிதாம்பாள் முதல் சந்தேகத்தைப் போட்டுக்கொண்டார்.

அவள் பையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து மேசையில் விரித்தாள். இவர்கள் கம்பெனி நைட்டிதான்.

"போன வாரம் ஆன்லைன்ல வாங்குனேன் மேடம். படத்துல போட்ட அளவு ஒண்ணு, துணியில ஒண்ணு. கமெண்ட்டுல எம்புட்டோ பேரு இதையே சொல்லியிருக்காங்க. ரிட்டர்ன் அதனாலதான் வருதுன்னு நெனைக்கிறேன்."

ராமதாஸ் டேப்பை வைத்து அளந்தார். அவள் சொன்னது சரி. லலிதாம்பாளுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. வேலை தேடி வந்தவள் இவ்வளவு தயாராக வருவாளா? தம்பி பக்கம் திரும்பித் தங்கள் மொழியில் பேசினார்: "இது அழகுபாண்டி அனுப்பின ஆளு. நல்லபடியாப் பேசி அனுப்பிடு. அப்புறம், திருநகர் கடைக்காரர் காலையில போன் பண்ணாரு, கடைசியா என்ன ரேட்டுன்னா..."

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள் தமிழ்வாணி. "நீங்க பேசுறது எனக்குப் புரியுது. ரேட்டைச் சொல்றதுக்கு முன்னாடி சொல்லிரணும்ல."

ராமதாஸ் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "எப்படி?" என்றார்.

"முனிச்சாலையில காம்பவுண்டு வீட்டுல வளந்தேன். எட்டு வீட்டுல ஏழு வீடு உங்காளுக. கேட்டுக் கேட்டுப் புரிஞ்சுபோச்சு. பேசத்தான் வராது."

"பேசாமக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கலாமே, ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார் லலிதாம்பாள்.

"வேலை கெடைச்சா தெனமும் உங்க முன்னாடி திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நிக்கணுமே மேடம். அழகுபாண்டி யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"சொல்லி அனுப்புறோம்" என்று அவளை அனுப்பிவிட்டார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். பீரோவைத் திறந்து அழகுபாண்டியின் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். முகவரி, முனிச்சாலையில் அவருடைய சித்தி இருந்த தெரு. அங்கே தெரு முழுக்கத் தங்கள் மொழிதான். பூட்டையும் கேமராவையும் சந்தேகப்பட்டவருக்கு இத்தனை நாளும் தன் வாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் காதுதான் தெரிந்தது. கட்டிங் மாஸ்டருக்குப் புரியுமோ? டீ கொண்டுவருகிறவருக்கு?

சாயங்காலம் தம்பியோடு கிளம்பும்போது தூறல் போட்டது. கேட்டருகே வாட்ச்மேன் பால்பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடமாக இருப்பவர். லலிதாம்பாள் அவரைப் பார்க்காமல், தங்கள் மொழியில் தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்: "குடையை மேசைக்குக் கீழே வெச்சிட்டு வந்துட்டேன்."

பால்பாண்டி எழுந்து உள்ளே போனார். குடையோடு வந்தார். நீட்டிய பிறகுதான் செய்த காரியம் அவருக்கே உறைத்தது.

"எத்தனை வருஷமாண்ணே புரியுது?"

"வந்து மூணு வருஷத்துல புரிஞ்சுபோச்சும்மா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

இதே கேட்டில் நின்று போன தீபாவளிக்குத் தான் பேசியது லலிதாம்பாளுக்கு நினைவு வந்தது. கிழவனுக்குக் கண் தெரியவில்லை, பொங்கல் கழித்து வேறு ஆள் பார்க்கலாம் என்று அவர் காதுபடவே தங்கள் மொழியில் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வருடமும் சொன்னார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா அப்புறம் என் முன்னாடி பேசமாட்டீகளே. என்னய எப்பத் தூக்குவீகன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

லலிதாம்பாள் குடையை விரிக்காமலே நின்றார். அங்கேயே தமிழ்வாணிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். பிறகு பால்பாண்டியின் முகத்தை நேராகப் பார்த்து, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, தன் மொழியில் அவரிடமே பேசினார். பொங்கல் கழித்தும் நீங்கள்தான், நாளைக்கு வழக்கம்போல வந்துவிடுங்கள் என்றார்.

"வாரேம்மா," என்றார் பால்பாண்டி.