காசைக் கீழே வைக்காத மங்கலம்

எனக்குப் பென்ஷன் மாதாமாதம் தவறாமல் வந்துவிடுகிறது. மங்கலத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. சிதம்பரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன். 2017 ஆடி மாதத்தில் ஒரு நாள், லஞ்ச ஒழிப்பு போலீசோடு சாட்சியாகப் போகச் சொல்லி மேலதிகாரி என்னை அனுப்பினார். லஞ்சம் வாங்குகிறவரைப் பிடிக்கப் போகும்போது வேறு இலாகா ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து, காதால் கேட்க வேண்டுமாம். பதினான்கு பேர் இருந்த ஆபீசில் அது என் தலையில்தான் விடிந்தது.

லஞ்ச ஒழிப்பு ஆபீசில்தான் மங்கலத்தை முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, புறங்கையில் காய்ந்த மாவு. பரங்கிப்பேட்டைத் தெருக்களில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வீடு பக்கத்துக் கிராமத்தில். புருஷன் போய் இரண்டு வருடம். வீட்டு மனை இன்னும் அவன் பேரிலேயே கிடந்தது. அதைத் தன் பேருக்கு மாற்றினால்தான் அரசு வீட்டுக்கு மனு போட முடியும். கூரை மழைக்குத் தாங்கவில்லை, மகள் ஆறாவது படிக்கிறாள். பட்டா மாற்ற அந்த ஊர் வி.ஏ.ஓ. ஆறாயிரம் கேட்டிருந்தார்.

"ஏம்மா, எல்லாரும் குடுத்துட்டுப் போறாங்க. ஒனக்கு மட்டும் எதுக்கு இந்த வம்பு?" என்றேன். சாட்சிக்குப் போனவன் கேட்கிற கேள்வியா அது?

"இல்லாததால குடுக்கலன்னு நெனைக்காதீங்க சார். எங்கிட்ட இருக்குது, கிரைண்டருக்குக் கல்லு மாத்த சேத்து வெச்சது. அத அவரு ஏன் கேக்கணும்னுதான் எனக்குப் புரியல."

ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைப் போலீசார் அவளிடம் கொடுத்தார்கள். வி.ஏ.ஓ. வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார்கள். என்னை அவளுக்கு அண்ணனாக நடிக்கச் சொன்னார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குள் போனபோது வி.ஏ.ஓ. தலையே நிமிரவில்லை. "கொண்டாந்தியா ஆறு? அந்த மேசை மேல வெச்சிட்டுப் போ" என்றார். ஒரு முழம் தள்ளித்தான் நான் நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மனிதர் கெட்டிக்காரர், பணத்தைக் கையால் தொடவே மாட்டாராம். அன்றைக்கு மங்கலம் மட்டும் மேசையில் வைத்திருந்தால் அவர் கை சுத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். மாவு விற்ற மீதிச் சில்லறையைக்கூட வாசற்படியில் வைக்க மாட்டாள். வைத்தால் லட்சுமி போய்விடுவாளாம்.

"காசைக் கீழ வெக்கக் கூடாது சார். கையில வாங்கிக்கிங்க."

அவரும் அதே மண்ணில் பிறந்தவர்தானே, கையை நீட்டிவிட்டார். மங்கலம் முந்தானையை இழுத்துவிட்டாள். அதுதான் அடையாளம். போலீசார் உள்ளே வந்து அவர் விரல்களைக் கரைசலில் முக்க, தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நல்லா முடிந்தது! ஏழு வருடம் இழுத்தது. அந்த ஊருக்கு அடுத்து வந்த இரண்டு வி.ஏ.ஓ.க்களும் காசு கேட்கவில்லை, பட்டாவும் மாற்றவில்லை. "கேஸ் முடியட்டும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லாயி, "புள்ளகுட்டிக்காரன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே" என்று பேச்சையே விட்டாள். மங்கலத்தின் கூரை மேல் தார்ப்பாய் மூன்று முறை மாறியது. வாய்தா தோறும் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கடலூர் கோர்ட்டுக்கு வருவாள். கூப்பிடுவார்கள், தேதி போடுவார்கள், திரும்பிப் போவோம். எனக்கும் சேர்த்து நாலு இட்லி பொட்டலம் கட்டி வருவாள். "அண்ணே, சாப்புட்டு வந்திருக்க மாட்டீங்க" என்பாள். நடிக்கச் சொன்ன உறவை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள்.

2024இல் விசாரணை உண்மையாகவே நடக்கப்போகிறது என்று தெரிந்தபோது, நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. கூட வேலை பார்த்த சபாபதி டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கேட்டேன்னு சொன்னா ஒனக்கு என்னா வரப்போவுது மச்சான்? ஒம் பென்ஷன் ஃபைலு இப்ப அந்த வி.ஏ.ஓ.வோட மச்சினன் டேபிள்ல இருக்குது. பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னான். டீக்காசையும் அவனே கொடுத்தான்.

கோர்ட்டில் முதலில் மங்கலம் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவள் பழக்கத்தையே பிடித்துக்கொண்டார். "அவர் கேட்கவே இல்லை, நீங்களாகவே அவர் கையில் திணித்தீர்கள், இல்லையா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்.

"திணிக்கல சார். அவரு கேட்டாரு. காசைக் கீழ வெக்கறதில்ல, அதனால கையில குடுத்தேன். கூட நின்ன அண்ணனும் கேட்டாரு, அவரையே கேளுங்க."

அடுத்து நான். வி.ஏ.ஓ. என்ன சொன்னார் என்று அரசு வக்கீல் கேட்டார். மங்கலம் பின் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ பேசினாங்க. எனக்கு சரியா காதுல விழல" என்றேன்.

பிறழ் சாட்சி என்று எழுதினார்கள். அரசு வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். ஒரு தரம் சொன்ன பொய்யையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த வி.ஏ.ஓ. பிற்பாடு விடுதலையாகி வேலையிலும் சேர்ந்துவிட்டார். என் ஃபைல் ஒரு வாரத்தில் நகர்ந்தது. த்தூ.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். தப்பித்துப் போகக்கூடத் துப்பில்லை எனக்கு.

"பக்கத்துலதான நின்னீங்க அண்ணே?"

"வயசாயிடிச்சும்மா..."

அவள் திட்டியிருந்தால் தேவலை. இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் அவள் பையில் இருந்தது. அவமானம் தாங்கவில்லை எனக்கு. பாப்பா கல்லூரிச் செலவுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தேன். முகம் பார்த்துக் கொடுக்கத் தைரியமில்லாமல் பெஞ்சில் அவள் பக்கமாக வைத்தேன்.

அவள் அதை எடுத்து, என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"காசைக் கீழ வெக்கக் கூடாது சார். கையில வாங்கிக்கிங்க."

வாங்கிக்கொண்டேன். பரங்கிப்பேட்டை பஸ் வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள்.