பஸ்ஸை விட்டவர் டீ வாங்க வேண்டும்

பதினெட்டு கவுன்ட்டர்கள், பதினெட்டு கம்ப்யூட்டர்கள், அத்தனைக்கும் ஒரே ஆள். பஸ் நிலையத்தின் முன்பதிவுக் கூடத்தில் அவருக்கு 'ஆஃப்-ஆன் அண்ணன்' என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். எது மக்கர் செய்தாலும் அவர் முதலில் எழுதித் தரும் மருந்து ஒன்றுதான்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." வீட்டில் மிக்ஸி நின்றாலும் அதே வைத்தியம். மனைவிக்குக் கோபம் வந்தால்கூடச் சற்று நேரம் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்த மருந்தே நஞ்சாகிவிட்டது. கம்ப்யூட்டர்களுக்கு வயதாகிவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினால் திரை வெகுநேரம் கறுத்துக் கிடக்கும்; உள்ளே மட்டும் ஏதோ முனகும். கண்ணாடிக்கு வெளியே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? விரல் தானாகப் பட்டனுக்குப் போகும். ஆஃப். ஆன். பாதி தூக்கத்தில் எழுகிறவனைத் தலையில் தட்டிப் படுக்கவைத்தால் என்ன ஆகும்? அடுத்தடுத்து மூன்று ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டன.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே அண்ணே?" என்றாள் ஏழாம் கவுன்ட்டர்காரி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

மேற்பார்வையாளர் திறந்தார். "இந்த மாசம் இன்னொரு டிஸ்க் போகட்டும், வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடறேன். உங்க கான்ட்ராக்ட் மாசக் கடைசியில முடியுதுன்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. காலண்டரில் வட்டம் போட்டுவைக்கும் அளவுக்கு இருந்தது. ஆஃப் பண்ணாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்; சிரித்தார்கள். கறுப்புத் திரைதான் வில்லன் என்று முடிவுகட்டி, அந்த நேரத்தில் திரையில் ஓடுவதற்கு ஒரு பொம்மை பஸ்ஸை விட்டார். வரிசையாகப் பல படங்கள். வேகமாக மாறினால் பஸ் இடமிருந்து வலம் ஓடும்.

மறுநாளே ஏழாம் கவுன்ட்டரில் பட்டன் அழுந்தியது. "பஸ் ஓரத்துல போய் நின்னுடுச்சு அண்ணே. மெஷினும் நின்னுடுச்சாக்கும்னு ஆஃப் பண்ணேன்."

பஸ்ஸை நிற்காமல் சுற்றவிட்டார். "சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. மாட்டிக்கிச்சோன்னு ஆஃப் பண்ணேன்" என்றாள்.

அண்ணனின் மனைவி போட்டோ ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவர். ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்துவிட்ட கை. கணவரின் பஸ்ஸைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொழுது விடிஞ்சா பஸ் மூஞ்சியில முழிக்கிறவங்களுக்கு, மறுபடியும் பஸ்ஸா? அவங்க மூஞ்சியவே போடுங்க. அடுத்து யாரு வர்றாங்கன்னு பாக்கத் தோணும். கை சும்மா இருக்கும்."

"மேற்பார்வையாளர் மூஞ்சியுமா?"

"அவரை மட்டும் விட்டுப் பாருங்க, அப்பத்தான் வம்பு."

இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தார்கள். நிறுத்தத்தில் பஸ் நிற்கும். ஒவ்வொருவராக ஏறுவார்கள். கடைசி ஆள் தலைதெறிக்க ஓடிவருவார், பஸ் போயேபோய்விடும். கடைசி ஆள் யார் என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்குவதுபோல் எடுக்கும். டிரைவர் சீட்டை அண்ணன் தனக்கு வைத்துக்கொண்டார்.

கூடமே மயங்கியது. தன் திரையில் தானே பஸ்ஸைத் தவறவிட்டால் அன்று அவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்று அவர்களாகவே சட்டம் போட்டார்கள். "டிரைவருக்கு மட்டும் டீச் செலவே கிடையாது பாருங்க, விவரமான ஆளு" என்று ஏழாம் கவுன்ட்டர்காரி குத்தினாள். அவளே மூன்றாம் நாள் பஸ்ஸை விட்டாள். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் ஒரு பார்வை. ஆஃப். ஆன். இந்த முறை வேறு யாரோ ஓடினார்கள்.

டீக்குப் பயந்து கூடம் முழுக்க அந்த வித்தை பரவியபோது அண்ணன் தலையில் கை வைத்தார். பிறகு குலுக்கலைத் தூக்கிவிட்டு, தேதியைப் பார்த்து ஆளை எடுக்கும்படி மாற்றினார். இனி ஒரு நாளைக்கு எல்லாத் திரையிலும் ஒரே ஆள்தான். நூறு முறை ஆஃப் பண்ணினாலும் அதே ஆள்தான். விரல்கள் அடங்கின. டிஸ்க்குகள் பிழைத்தன. எந்தத் தேதிக்கு யார் என்று மட்டும் அவர் பார்த்துவைக்கவில்லை.

மாதக் கடைசி நாள். மேற்பார்வையாளர் கவுன்ட்டர் திறக்கும் முன்பே வந்து, ஏழாம் கவுன்ட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நானே ஆன் பண்ணிப் பாக்கறேன்."

பஸ் வந்தது. ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். கடைசி ஆளின் முறை; முதலில் ஒரு தொப்பை வந்தது. அதன் பின்னால், அக்குளில் ஃபைலோடு, மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

நாற்காலியில் இருந்தவரின் விரல் மெல்லப் பட்டனை நோக்கி நகர்ந்தது.

"சார்!" அண்ணனின் குரல் கீச்சிட்டது. "ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க சார்!"

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. ஆஃப்-ஆன் அண்ணன் வாயிலிருந்தா இந்த வார்த்தை? விரல் அந்தரத்தில் நின்றது. திரையில் மேற்பார்வையாளர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். பஸ் கண்டுகொள்ளாமல் போனது. டிக்கெட் பக்கம் திறந்தது. மற்ற பதினேழும் திறந்திருந்தன.

"நிஜத்துல நான் இவ்வளவு வேகமா ஓட மாட்டேன்" என்றார் மேற்பார்வையாளர், தொப்பையைத் தடவிக்கொண்டே.

"பஸ்ஸை விட்டவங்க டீ வாங்கணும் சார்" என்றாள் ஏழாம் கவுன்ட்டர்காரி.

"எல்லாருக்குமா?"

"டிரைவருக்கும் சேத்து."

முணுமுணுத்துக்கொண்டே பர்ஸை எடுத்தார். கான்ட்ராக்டை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டும் கையெழுத்து மதியத்துக்குள் விழுந்தது.

பன்னிரண்டாம் கவுன்ட்டர்காரருக்கு மாற்றல் வந்திருக்கிறது. அவர் இடத்துக்குத் திங்கட்கிழமை ஒரு புதுப் பெண் வருகிறாள். அவளுடைய போட்டோ இப்போதே அண்ணன் மனைவியின் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.