ஓடிப்போகிற டீம்

மரக்காணத்து உப்பளங்களில் நான் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை செய்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு செங்கல் சூளை, பரோட்டாக் கடை, லாரி கிளீனர் என்று சுற்றியவன், அதிக நாள் தங்கிய இடம் அதுதான். காலில் உப்பு அறுத்த புண் ஆறவே ஆறாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து இருந்தது. நான் ஆட மாட்டேன். கத்துவேன்.

எங்கள் ஊர் டீமுக்கு ஒரே எதிரி மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மீனவக் குப்பத்து டீம். அவர்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் ‘ஓடிப்போற டீம்’. நான் அங்கே வருவதற்கு முன் ஒரு ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, அவர்கள் படகு ஒன்று கரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டதாகச் சேதி வந்ததாம். பதினொரு பேரும் பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். படகில் போனவர்களில் ஒருவர் செத்துப்போனார். எங்கள் ஊரில் அதைப் பேச மாட்டார்கள், ஓடியதை மட்டும் பேசுவார்கள். நானும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அதைத்தான் கத்தினேன்.

2004 கிறிஸ்துமஸ் போட்டியின் கடைசி ஆட்டம் அவர்களோடுதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் மைதானத்தில். ஆனால் பெய்த மழையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்களுடையது களிமண் தரை. குப்பத்து மைதானம் மணல், எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எங்கள் கேப்டன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கை கழுவும்போது அவர் சொன்னார்.

“டேய், குப்பத்துக்குப் போய்ட்டு வா. அவங்க கிரவுண்டுல ஆடலாமான்னு கேளு. நாளைக்கு முடியாதுன்னா அடுத்த வாரம் வெச்சுக்கலாம், நமக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

அந்தப் பக்கத்தில் மைதானத்துக்குக் கோடு சுண்ணாம்பில் போடுவதில்லை. மண் கலந்து விலைபோகாத உப்பில் போடுவார்கள். உப்பு எங்கள் ஊரிலிருந்து போகும். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர் ஆட்டக்காரர்கள் அன்று காலையில் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே கோடு போடவேண்டும். இரண்டு தடவை அலைவானேன் என்று, போகும்போதே ஒரு மூட்டையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டேன்.

குப்பத்து டீமில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவன் அவர்களுடைய கோல்கீப்பர். என் வயதுதான் இருக்கும். வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடல் பக்கம் பார்த்தான்.

“நாளைக்குப் பவுர்ணமிப்பா. தண்ணி கொஞ்சம் மேல ஏறும், கிரவுண்டு ஒரு ஓரம் நனைஞ்சி கெடக்கும். அடுத்த ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாமே.”

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். ஆனால் வழியெல்லாம் சேறு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வந்திருந்தேன். மூட்டையை விட்டுவிட்டுப் போனால் ஒரு வார ஈரத்தில் கரைந்துபோகும். திரும்பத் தள்ளிக்கொண்டு போக உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காரணம்.

“நாளைக்குத்தான்னு எங்க கேப்டன் கண்டிப்பா சொல்லிட்டாரு. வரலன்னா, வழக்கம்போல ஓடிட்டாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

அவன் ஊசியைக் கீழே வைத்தான். “யாருப்பா ஓடறது? எறக்கு மூட்டய.”

மறுநாள் காலை அவனும் இன்னொரு ஆட்டக்காரனும் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. டீமில் மற்றவர்கள் வீடுகளில் இருந்ததால் மேட்டுக்கு ஓட நேரம் கிடைத்தது. கூடப் போனவனை அடுத்த நாள் சவுக்குத் தோப்பில் எடுத்தார்கள். கோல்கீப்பர் கிடைக்கவே இல்லை.

நான்கு நாள் நானும் தேடப் போனேன். ஐந்தாம் நாள் லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டேன். எங்கள் உப்பளத்துக்குள்ளும் கடல் ஏறி இறங்கியிருந்தது. தையில் பாத்திகளைச் சுத்தம் செய்தபோது, மண்வெட்டியைச் சேற்றில் இறக்கும் ஒவ்வொரு முறையும் என் கை தயங்கும். ஒருநாள் ஏதோ தட்டுப்பட்டது. உட்கார்ந்துவிட்டேன். தோண்டிப் பார்த்தால் வலையில் கட்டுகிற மிதவை. அவன் கனவில் வரவில்லை, வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நல்ல வெயிலில், தூரத்து வரப்பில் யாராவது குனிந்துகொண்டே பின்னால் நகர்ந்தால், முகம் தெரியும்வரை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆட்டத்தைக் கடற்கரைக்கு மாற்றச் சொன்னதே குப்பத்துக்காரர்கள்தானாம். எங்கள் மைதானத்துக்கு வரப் பயமாம். அந்த கோல்கீப்பரின் திமிர்தான் இரண்டு உயிரைக் குடித்ததாம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. கேப்டன் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். உண்மையைச் சொன்னால் செத்தவன் பெயர் சுத்தமாகும், என் பெயர் போகும். ஒரு வருடம் இப்படியே போயிற்று.

2006 பொங்கல் போட்டிக்குக் குப்பத்து டீம் முதல் முறையாகத் திரும்பி வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் நாங்கள் நின்றிருந்தோம். மூட்டை தூக்குகிற ஒருவர், எங்கள் கூட்டத்திலேயே பெரிய தொண்டைக்காரர், ஆரம்பித்தார்.

“இன்னிக்கு அவனுங்க உதைச்சாலும் ரெஃப்ரி விசில் ஊத மாட்டான் பாரு. பாவம் பாத்து வுட்டுடுவான்.”

“ரெண்டு புள்ளைங்கள குடுத்துட்டு வந்திருக்காங்கய்யா,” என்றார் டீக்கடைக்காரர். “இன்னிக்கு ஒருநாள் வாய மூடு.”

“நான் இன்னா பொய்யா சொல்றேன்? கடல் ஓரத்துலதான் ஆடுவேன்னு யாரு வீம்பு புடிச்சது? நம்ம கிரவுண்டுக்கு வந்திருந்தா உசுரோட இருந்திருப்பான்.”

“ஆமா, உங்க கிரவுண்டுல அன்னிக்கு நீச்சல் போட்டிதான் வெச்சிருக்கணும்.”

சிலர் சிரித்தார்கள். தொண்டைக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

“போய்யா. வருஷம் பூரா ஓடறவன், ஓட வேண்டிய அன்னிக்கு நின்னுட்டான்.”

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகுதான் பார்த்தோம், கோல்கீப்பரின் அண்ணன் தண்ணீர் பிடிக்க பிளாஸ்டிக் குடத்தோடு நின்றிருந்தார்.

“என் தம்பியப் பத்தியா பேசறீங்க?”

“பொதுவா பேசறேம்பா,” என்றார் தொண்டைக்காரர்.

அண்ணன் குடத்தைக் கீழே வைக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அப்படியே நின்றார். அந்த நிற்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எடத்த மாத்தச் சொன்னது நாமதான்,” என்றேன். “நான்தான் போய்ச் சொன்னேன்.”

“டேய், எங்கருந்தோ வந்தவன் நீ, உனக்கு இன்னாடா தெரியும்?” என்றார் தொண்டைக்காரர்.

கேப்டன் டம்ளரை வைத்தார். “அவன் சொல்றது நெசம். அனுப்பினது நான். நாளைக்கு முடியாதுன்னா அடுத்த வாரம் வெச்சுக்கலாம்னும் சொல்லித்தான் அனுப்பினேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் பெரிதாக மூச்சு விட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரம் வெச்சுக்கலாம்னு சொன்னியா?”

“சொன்னேண்ணா.”

“அவன் இன்னா சொன்னான்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நாளைக்கே ஆடலாம்னு சொன்னாண்ணா.”

அவர் தலையாட்டினார். “அப்படித்தான் சொல்லியிருப்பான். வீம்புக்காரன்.” பிறகு, “ஆட்டம் முடிஞ்சதும் எங்கூட வா. கடைசியா அவனப் பாத்த வெளியாளு நீதான். அம்மாவுக்கு நீயே ஒருதபா சொல்லு,” என்றார்.

யார் ஜெயித்தார்கள் என்பது ஞாபகம் இல்லை. சாயங்காலம் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர்கள் அப்போதும் தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில்தான் இருந்தார்கள். உள்ளே புழுக்கம். அந்த அம்மா எனக்குச் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தார். டீக்கடையில் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். நாளைக்கே ஆடலாம் என்றான், அம்மா.

“சிரிச்சிக்கினு சொன்னானா, கோவமா சொன்னானா?” என்று கேட்டார்.

“சிரிச்சிக்கினுதாம்மா,” என்றேன்.

அவர் இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.