நடந்தால் மூன்று சுரம்

அற்புதராஜ் அண்ணன் பாட்டு எழுதும் பேண்டில் கிளாரினெட் ஊதுவதென்றால் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஒரு தாளை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றை நீட்டுவார். "ஏனுங்கண்ணா, மறுபடியுமா?" என்றால், "இதுதான் கடைசி, வேலுசாமி" என்பார். கடைசி என்று ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை.

அம்மாபேட்டையில் சேலைக் கரைக்கு டிசைன் வரைவது அவர் தொழில். கட்டம் போட்ட அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் மாதா கோயில் பேண்டுக்கு எழுதுவார். ஒரே மெட்டை கார்னெட், கிளாரினெட், யூபோனியம் என்று வாத்தியத்துக்கு வாத்தியம் பிரித்து, யார் எங்கே ஊத வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று குறித்திருப்பார். எழுதிய கையோடு தொடையில் தாளம் தட்டிக்கொண்டு தேர் போகும் தெருவெல்லாம் நடந்து பார்ப்பார். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவர்கள் வழிவிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அங்கே ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு மானம் போகும்.

சாப்பிடும்போதும் அவருக்குக் கால் சும்மா இருக்காது. "எல ஆடுதுங்க, கொழம்பு ஓடுது" என்று அவர் சம்சாரம் செல்வமேரி அக்கா அதட்டினால் ஒரு நிமிஷம் நிற்கும்.

அவருடைய சிநேகிதர் சவரிராயன், லாரி டிரைவர். எங்கள் பேண்டில் கார்னெட் என்கிற சின்னப் பித்தளைக் குழல் ஊதுபவர். திருவிழாவில் தேர் கோயில் வாசலைத் தாண்டும்போது அவர் கார்னெட் மட்டும் எல்லோருக்கும் மேலே உச்சிக்கு ஏறும். பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் அவருடையது. அதைக் கேட்கவே ஜலகண்டாபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம், திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, இருவரும் லாரியில் ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. அண்ணன் வண்டிக்குள்ளேயே இருக்க, சவரிராயன் இறங்கி, இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டில் போட்டார். அது யுத்த காலத்து பெட்ரோல் வண்டி. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை மேலே தள்ளிவிட்டுத்தான் ஹேண்டில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அன்று உதைத்தது. ஹேண்டில் எகிறி வாயில் அடித்ததில் முன்பல் மூன்று போயின. லீவரைத் தள்ள மறந்துவிட்டதாக சவரிராயன் எல்லோரிடமும் சொன்னார்.

புண் ஆறியபின் கார்னெட்டை வாயில் வைத்தார். பின்னால் பல் தாங்காமல் உதடு நிற்கவில்லை, காற்றுதான் வந்தது. பேண்டை நிர்வகித்த ஞானதாஸ், "திருச்சியிலிருந்து ஆளக் கூட்டியாந்தரலாமுங்க" என்றார். சவரிராயன் கார்னெட்டைப் பெட்டியில் வைக்கப் போனார். அற்புதராஜ் அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "அவன் வாய்க்கு ஏத்த மாதிரி நா எழுதித் தாரேன். அவந்தான் ஊதோணும்."

தினமும் அவரை ஊதவைத்துப் பார்த்து, ஐந்து சுரம் சுத்தமாக வருகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஐந்துக்குள் எழுதினார். பத்து தாள் மாறியது. திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் பேண்டை நடக்கவிட்டு ஊதச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, உட்கார்ந்து ஊதினால் ஐந்து, நடந்து ஊதினால் மூன்று. ஒவ்வொரு அடிக்கும் பல் இல்லாத உதடு நழுவியது.

மறுநாள் பதினோராவது தாள் வந்தது. சவரிராயனுக்கு மூன்றே சுரம். அவரால் உச்சிக்கு ஏற முடியாதென்று எங்கள் எல்லோரையும் கீழே இறக்கியிருந்தார் மனுஷன். நான் ஆசையாகச் சாதகம் செய்திருந்த மேல் சுரங்களை எல்லாம் அடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒருத்தரு பல்லுக்காக இருவது பேரு சாகோணுமா? லீவர மறந்தது அவுரு தப்புதானுங்க?" என்று கத்திவிட்டேன்.

 அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

திருவிழா அன்று வெயில் தாழத் தேர் வாசலுக்கு வந்தது. நாங்கள் அடங்கி, தரையோடு தரையாக ஊதினோம். மேலே கார்னெட்டின் மூன்று சுரம் தனியாக நின்றது. அத்தனை உயரமாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

தேர் நிலைக்கு வந்ததும் கோயிலுக்குப் பின்னால் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அற்புதராஜ் அண்ணன் சவரிராயன் முன்னால் வந்து நின்றார்.

"சவரி, அன்னிக்கு நீ மறக்கலடா. நீ மேல தள்ளி வெச்ச லீவருல நாந்தான் தாளம் போட்டுட்டிருந்தேன். எறங்கிருச்சு."

"தெரியும். கண்ணாடி வழியா லீவருல உங்கையப் பாத்தேன். பாக்கறப்பவே சுத்திப்போட்டேன்."

"தெரிஞ்சும் ஏஞ் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எம் மொகத்துலயே முழிச்சிருக்க மாட்ட. நீ வாராம நா எதைடா ஊதறது?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து சவரிராயன் பல் கட்டிக்கொண்டார். மேல் சுரமெல்லாம் திரும்ப வந்தது. ஆனாலும் தேர் வாசலைத் தாண்டும்போது அந்த மூன்றைத்தான் ஊதினார். மற்ற தாள்களை எல்லாம் அண்ணன் மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பதினோராவது தாளை மட்டும் கடைசிவரை தொடவில்லை.