டோரியன், நான், அந்தப் பிரபு

இத்தாலிக்கு வந்து இத்தனை காலமாகியும் என் வாயில் சரளமாக வராத சொல் 'பாவ்லோ'. அப்பா வயது மனிதர், எனக்குக் கிதார் வாத்தியார், அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எங்கள் ஆம்பூரில் டீ போடுபவரைக்கூட மாஸ்டர் என்போம். இங்கே 'சார்' என்றால் அவர் திரும்பியே பார்ப்பதில்லை. தோல் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வாராவாரம் அவரிடம் போகிறேன். எதற்கு? வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

ஊரில் நானும் தோஸ்த் இர்ஃபானும் கல்யாண ரிசப்ஷன்களில் வாசிப்போம். கிதாரில் அவன் ரிதம், மெட்டு வாசிக்கும் லீட் நான். நான் விமானம் ஏறியதும் என் இடத்தில் கலவை என்ற ஊரிலிருந்து பிரபு என்று ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். வீடியோவில் பார்த்தேன். நன்றாகத்தான் வாசிக்கிறான், அதுதான் ஆத்திரம். லீவில் போகும்போது அவனுக்குத் தெரியாத ஒன்றை வாசித்து என் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்காகவே மேற்கத்திய இசையின் ராகங்கள் மாதிரியான 'மோட்'களைப் படிக்க ஆரம்பித்தேன்.

அதே ஏழு சுரம், ஆனால் ரி-யை ஆதாரமாக வைத்தால் டோரியன் என்ற மோட் என்றார் பாவ்லோ. நம் கணக்கில் சங்கராபரணம் கரகரப்பிரியாவாக வேண்டும். எனக்கோ எப்படி வாசித்தாலும் சங்கராபரணமாகவே கேட்டது. ஒருநாள் வகுப்பில் அவர் என் போனைக் காட்டி ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுப் பைக்குள் போட்டேன். அவரே அதை வெளியே எடுத்தார். போனில் சுருதிப்பெட்டி ஆப் ஓடிக்கொண்டிருந்தது. சுருதி இல்லாமல் நமக்குக் கை ஓடுமா? அதைப் பழைய ஸ-விலேயே வைத்திருந்தேன். அவர் ரி-க்கு மாற்றினார். அதே விரல்கள், வேறு ராகம்! செத்தான் பிரபு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இர்ஃபான், பக்கத்தில் பிரபு. வாசித்துக் காட்டினேன்.

"இன்னா மச்சி, செமையா இருக்குது!" என்றான் இர்ஃபான். "பிரபுவுக்குச் சொல்லிக் குடுடா. வர்ற ரிசப்ஷன்ல வாசிச்சிருவான்."

"நான்தான் லீவுக்கு வர்றேனே?"

"நீ கெஸ்ட்டுடா. முன்னாடி குந்திகினு கேளு."

கெஸ்ட்டாம்! பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சொல்லிக் கொடுத்தேன். "அண்ணே, சுருதிய ரி-க்கு மாத்திக்கணும், இல்ல?" என்று கேட்டான் பிரபு. பாவி, என் தவறைக்கூட அவன் செய்யவில்லை.

மூவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். "உன்னுது லேட்டா வருது, பேஜாரா இருக்குது, மியூட் போட்டுக்க மச்சி," என்றான் இர்ஃபான். போட்டேன். அவர்கள் அங்கே வாசிக்க, இந்த அறையில் நானும் கடைசிவரை லீட் வாசித்தேன். முடிந்ததும் பிரபு திரையைப் பார்த்து, "சரியா வந்துச்சாண்ணே?" என்றான். மியூட்டை எடுக்காமலே தலையாட்டினேன்.