துரையின் மேசையில் மேய்ந்த மாடுகள்

என் கொழுந்தன் இராமையாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் பசுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெண்டாட்டியிலிருந்து தொடங்கலாமே என்பீர்கள். அவனுக்குப் பெண்டாட்டி கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் செவலையின் சுழியையும் மடியையும் பற்றியே பேசிவிட்டு வந்தால் எவன் பெண் கொடுப்பான்?

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பனிமூட்டம் ஆட்களுக்கு முந்தி வந்து நிற்கும் தோட்டம் எங்களுடையது. இராமையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். எங்கள் மாமனார் வழியினர் திருச்சிப் பக்கம் ஐயனாருக்குக் குதிரை செய்த வேளார்கள். அதனால் தோட்டத்து முனியாண்டிக்கும் அவன்தான் மண்குதிரை செய்து வைப்பான். மற்ற நேரமெல்லாம் செவலைதான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கோடியில் அதற்கு ஒரு கொட்டில் போட்டிருந்தான். மழை பெய்தால் நாங்கள் ஒழுகுவோம், செவலை ஒழுகாது.

பதுளைக்கு ரயில் வந்த வருடம், அந்தச் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலை நாற்றுமேடையில் உலாவிப் பார்த்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போய்ப் பார்த்தபோது மேடை இருந்தது; நாற்றுதான் இல்லை. அன்றைக்கே உத்தரவு வந்தது: பொங்கல் கழிந்ததும் லயத்தில் எந்த மாடும் இருக்கக் கூடாது. லயத்தில் மாடு என்று இருந்ததே அது ஒன்றுதான். ஆனாலும் பெரிய மனிதர்கள் எதையும் சில்லறையாகச் சொல்ல மாட்டார்கள்.

இராமையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துரைக்குச் சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் ரயில்! சாவி முறுக்கினால் ஓடும் விளையாட்டு ரயில். பங்களாவில் பெரிய மேசை போட்டு, அதன்மேல் தண்டவாளம் போட்டு, நரைத்த மீசைத் துரை முட்டிபோட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பங்களாச் சமையல்காரர் ஸலீம் நானா வந்து சொன்னார். சுற்றிச் சுற்றி வந்தாலும் எங்கேயும் போய்ச் சேராத ரயில். எங்கள் கங்காணியின் பேச்சு மாதிரி.

வெறும் மேசையில் ரயில் ஓடுவது துரைக்குப் போதவில்லை. ஏதோ ஒரு தேசத்தில் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் மாடு வளர்த்து, பட்டி பட்டியாக ரயிலில் ஏற்றுவார்களாம். குதிரைமேல் ஏறிய ஆட்கள் கயிறு வீசி மாடு பிடிப்பார்களாம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, முனியாண்டிக்குக் குதிரை செய்தவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாடு வேணும். நெறைய மாடு. பட்டி, புல்லு, குதிரை, தொப்பி போட்ட ஆளு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க தொரை."

லயத்தில் ஒரு மாட்டைப் பொறுக்க முடியாத மனிதருக்கு மேசைமேல் ஒரு மந்தை வேண்டியிருந்தது. சாணி போடாத மாடென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இராமையா முகமெல்லாம் வெளிச்சமாக வந்தான். "மதனி, மாடு நல்லா அமஞ்சிட்டா தொரை மனசு எளகிடும். செவலைய விட்ருவாரு."

"எளகுறதுக்கு அது என்ன வெல்லமா? வாயத் தொறந்து கேட்டியா?"

"பொங்கல் கழியட்டும், கேக்குறேன்."

"பொங்கல் கழிஞ்சா மாடே இருக்காது, கூறுகெட்டவனே!"

அவன் காதில் ஏறவில்லை. ஓடைக் களிமண் எடுத்து மாடு மாடாகப் பிடித்தான். மரத்துப் பாசியை உரித்துப் புல்லாக்கினான். கவ்வாத்துக் குச்சியை நட்டுப் பட்டி கட்டினான். படத்து மாட்டுக்குத் திமில் இல்லை. இவன் எல்லாவற்றுக்கும் திமில் வைத்தான். திமில் இல்லாத மாட்டைச் செய்யக் கை வரவில்லையாம். குதிரைமேல் இருந்த ஆட்களைக் கேட்கவே வேண்டாம். முறுக்கிய மீசை, புடைத்த மார்பு. அத்தனை பேரும் முனியாண்டிகள். தலையில் தொப்பி மட்டும் துரை கேட்டபடி.

எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியதும் துரை குனிந்து பார்த்தார். "என்ன இது? எல்லா மாடும் குருடு!"

"கண்ணு தொறந்தா உசிரு வந்துருங்க தொரை. பொறவு அது மண்ணு இல்லீங்க."

"தொற! எல்லாத்துக்கும் தொற!"

துரை உத்தரவு. இராமையா குளித்து, ஈர வேட்டியோடு சூடம் கொளுத்தி, ஒவ்வொரு மாட்டுக்கும் கண் திறந்தான். மறுநாள் மாட்டுப் பொங்கல். கண் திறந்த மாட்டை அன்றைக்கு மொட்டையாக விடலாமா? கொம்புக்குச் சிவப்பும் நீலமும் பூசினான். நெற்றியில் குங்குமம் வைத்தான். துரைசாணியின் பூச்செடியிலேயே பறித்து மாலை கட்டிப் போட்டான்.

அன்று மாலை பண்டாரவளைப் பக்கத்துத் துரைமார் விருந்துக்கு வந்தார்கள். அந்த மாட்டுப் பண்ணையைப் பார்த்ததும் எங்கள் துரையின் முகம் கொம்புகளைவிடச் சிவந்துவிட்டது என்றார் ஸலீம் நானா. விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் ரோசம் வந்து, துரை ரயிலுக்குச் சாவியை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். ரயில் வளைவில் திரும்பவில்லை. நேரே பட்டிக்குள் பாய்ந்தது. செவலையைப் பார்த்துச் செய்திருந்த பெரிய பசுவின் கழுத்து முறிந்தது.

இராமையா அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்து கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தான். துரையிடம் செவலையைப் பற்றிக் கேட்டானா? வாயே திறக்கவில்லை.

விடிந்ததும் கங்காணி கொட்டிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். இவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி நான் பேசாவிட்டால் யார் பேசுவது? பெரட்டில் துரைக்கு முன்னால் கொழுந்துக் கூடையைத் தரையில் வைத்தேன். பின்னால் நின்ற பெண்களும் வைத்தார்கள்.

"தொரைகளே, பசுவக் கொன்னுட்டீங்க."

"அது மண்ணு!"

"மண்ணாத்தானுங்க இருந்துச்சு. கண்ணத் தொறக்கச் சொன்னது யாருங்க?"

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை மலையைப் பார்த்தார்.

"கொன்னவங்க உசிரோட ஒரு பசுவ வச்சு வளக்கணுங்க. இல்லாட்டி தோட்டத்துக்கு ஆகாது. கொழுந்து அத்துப்போயிரும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் சனத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். அன்று காலையிலிருந்து உண்டு.

பனி விலகிவிட்டது. ஒரு கூடையும் மலை ஏறவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். கடைசியில், "லயத்தில மாடு கூடாது. நான் சொன்னது சொன்னதுதான். அந்த மாட்டைப் பங்களாவில கட்டு" என்றார்.

இப்படித்தான் செவலை துரை வீட்டுப் பசு ஆனது. இராமையா கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு, தன் மாட்டைத் தானே துரைக்காக மேய்த்தான். பால் துரையின் கோப்பைக்குப் போனது.

"இதுக்கா நான் தொண்ட கிழியக் கத்துனேன்?" என்றேன்.

"மாடு இருக்கே மதனி. பால யாரு குடிச்சா என்ன?"

அவனுக்கு அது போதும். எனக்கு இன்றுவரை போதவில்லை. ஆனால் அந்தப் பங்குனியில் செவலை மறுபடியும் கயிற்றை அறுத்துக்கொண்டு துரைசாணியின் பூச்செடிகளை வேரோடு தின்று தீர்த்தது. துரை வாசற்படியில் நின்று கையை ஆட்டி ஆட்டி விரட்டினார். உத்தரவு மட்டும் போடவில்லை. தன் மாட்டைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லி எந்தத் துரை உத்தரவு போடுவார்?