நாற்பத்தொன்றாவது ஆள்

டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் பஸ் போன நேரமும் வந்த நேரமும் எழுதியவருக்கு டைம்கீப்பர் என்பதே பெயராகிப் போனது. ஓய்வுக்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தொட்டது மருமகனுக்காக. பாய்லர் வெடித்துச் செத்துப்போன மருமகன், அதற்கு முந்தின மாதமே வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி, நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஏதோ சாமான் எடுக்க உள்ளே வந்தாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப்பா வேலைய விட்டிருப்பாரு?" மகள் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனிகள் அரசிடம் தாக்கல் செய்யும் அறிக்கைகளை யாரும் பார்க்கலாம். அவற்றை மொத்தமாக இறக்கி, அட்டவணையாகப் பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. காசு கிடையாது, எழுதிய புண்ணியவான்கள் நிரலையே எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தார்கள். மனிதர் விழுந்து விழுந்து படித்தார். எட்டு வருஷ அறிக்கைகளை இறக்கி, சேர்ந்தவர் எத்தனை, விலகியவர் எத்தனை என்று கூட்டிக் கழித்தார். நான்காம் நாள் சிக்கியது. வெடிப்புக்குப் பத்து நாள் முன்பு கொடுத்த காலாண்டு அறிக்கையில், பாய்லர் பிரிவில் நாற்பத்தொரு பேர். விலகியவர் யாருமில்லை.

"பாரும்மா, மாப்பிள்ளை வேலையிலதான் இருந்திருக்காரு."

அவள் ஓவென்று அழுதாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். பழக்கம் விடுமா? டிப்போவில் நேரம் இடித்தால் முதலில் டிரைவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும், அப்புறம்தான் மேலிடம். பாழாய்ப்போன மனிதர் கம்பெனிக்கும் அப்படியே எழுதினார், பக்க எண், வரி எண் சகிதம்.

மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அவருடைய தாளைத் தன் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பார்த்தார்.

"ஐயா, இது பழசு. போன வாரம் திருத்தி மறுபடி தாக்கல் பண்ணிட்டாங்க. நாப்பது பேர்தான். கைப்பிழையாம்."

"முதல்ல போட்டது என்கிட்ட இருக்கே சார்!"

"இருக்கட்டும். பிழைன்னு அவங்களே சொல்லிட்ட பிறகு அதை வச்சு நான் என்ன பண்றது? சுட்டிக்காட்டினதுக்கு உங்களுக்கு நன்றி வேற சொல்லியிருக்காங்க."

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு மறைக்கத் தெரியாது.

"நீங்களே எடுத்துக் கொடுத்தீங்களாப்பா?"

"ஆமாம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேலைய விட்டத மறைச்சு, தினமும் என்கிட்ட சாப்பாடு கட்டி வாங்கிட்டுப் போனாருன்னு இனிமே எழுத்துலயே நிக்கும்."